மாட்டுக் கொட்டகையில் மரபணு

ஈப்போவில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் தும்மியது. ஒன்றல்ல, வரிசையாக. மலேசியப் பேருந்துகளில் குளிர்பதனத்தைப் பிணவறை அளவுக்கு வைப்பது என்று யார் தீர்மானித்தார்களோ தெரியவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே பயணிகள் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு மார்கழி பஜனைக்குப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் குறைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்டேன். "கொறச்சா கொசு வரும்லா" என்றார். ஓடுகிற பேருந்தில் கொசு! நம்மூர் நடத்துனராக இருந்தால் "இஷ்டம் இருந்தா உக்காரு, இல்லாட்டி எறங்கு" என்றிருப்பார். அதில் ஒரு நேர்மை உண்டு.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது பத்திரிகைகளில் மருத்துவ அறிவியல் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈப்போவில் ஒரு தமிழ் அமைப்பு 'ஒவ்வாமையும் எபிஜெனெடிக்ஸும்' என்று, அதாவது சுற்றுச்சூழல் மரபணுவை எப்படித் தூண்டுகிறது, அடக்குகிறது என்று பேச அழைத்திருந்தது. அறிவியல் பேச ஒருத்தியைக் கடல் கடந்து கூப்பிடுகிறார்களே என்று எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிற்று. அந்தக் கனம் இரண்டே நாளில் இறங்கியது.

தங்கியது லெட்சுமி வீட்டில். என் பழைய மாணவி. திருச்சிக்கு வந்து படித்துவிட்டு ஊர் திரும்பிய மலேசியப் பெண். மரபியல் தாளில் வகுப்பிலேயே அவள்தான் முதல். கணவர் குமரேசன் வீடு வீடாகப் போய் ஏர்கான் மாட்டுகிறவர். மகள் தாரணிக்கு ஆறு வயது, இந்த வருடம்தான் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். தாரணிக்கு ஆஸ்துமா. தோலில் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சொறிந்து சொறிந்து தடித்த திட்டுகள். இவ்வளவும் நான் வந்து காப்பி குடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை ஓடி வந்து நின்று மூச்சு வாங்கினால் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் வரும்.

அன்று சாயங்காலம் சாப்பிட ஒரு சீனக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். வெந்த கோழி, பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பயறு முளை. முளை ஒவ்வொன்றும் குழந்தையின் விரல் போலக் கொழுகொழுவென்று இருந்தது. "ஈப்போ தண்ணி டீச்சர். மலையிலேருந்து சுண்ணாம்போட வருது. வேற எங்கயும் இந்த மாதிரி வராது" என்றார் குமரேசன். நல்ல ருசி, மறுக்கவில்லை. ஆனால் காப்பி நன்றாயிருக்கிறதே என்றாலும் தண்ணீர்தான், அரிசிச் சேவை வழுக்கிக்கொண்டு போகிறதே என்றாலும் தண்ணீர்தான். ஊர்ப் பெண்கள் சிவப்பாக இருப்பதற்கும் அதே தண்ணீர்தானாம். சமைத்தவருக்கும் பெற்றவருக்கும் இந்த ஊரில் எந்தப் பெருமையும் கிடையாது. காவிரித் தண்ணீரைப் பற்றி நாங்களும் இப்படித்தான் உளறுவோம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை லெட்சுமி புந்தோங் பக்கம் அழைத்துப் போனாள். முறுக்கு, வறுகடலை, காரப் பட்டாணி என்று தமிழர்கள் தலைமுறையாகப் போட்டு விற்கும் இடம். 'கச்சாங் பூத்தே' என்று மலாயில் ஒரே பெயர், அதற்குள் நம்மூர்ப் பலகாரக்கடை மொத்தமும் அடக்கம். லெட்சுமி நிலக்கடலையைத் தொடவில்லை. தாரணிக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"அவளுக்கு கடலையால ஒன்னும் இல்ல டீச்சர், டெஸ்ட் எடுத்தாச்சு. ஆனா நான் புள்ளத்தாச்சியா இருக்கறப்ப கடல தின்னேன்னு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரு. அதான் வீட்டுக்கு வாங்கறதில்ல."

"அவர் சொன்னால் நீ கேட்டுக்கொள்வாயா? என்ன படித்தாய் என்னிடம்?"

"படிச்சது பேப்பர்ல இருக்கு. வீட்டுல அவரு இருக்காரு" என்றாள்.

கடலை மட்டுமல்ல. கர்ப்பமாக இருந்தபோது லெட்சுமி ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் வேலை பார்த்தாள். அந்த வாடையைச் சுவாசித்தது குற்றம். ஐந்தாம் மாதம் பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தது குற்றம். சிசேரியன் ஆனது குற்றம், பால் கொடுத்தது போதாதது குற்றம். இதையெல்லாம் முன்பு குமரேசன் சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதற்கு ஒரு பெரிய பெயர் கிடைத்துவிட்டது. எபிஜெனெடிக்ஸ்.

அந்தப் பெயரைக் கொடுத்தவர் 'மாஸ்டர்'. எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன். முன்பு வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றவர். இப்போது பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் பாழடைந்து கிடந்த லயத்து வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து, ஒவ்வாமை உள்ள குழந்தைகளைப் பெற்றோருடன் இரண்டு நாள் தங்கவைத்து 'மண் முகாம்' நடத்துகிறார். என்னை அழைத்த அமைப்புக்கும் அவரே புரவலர். ஆகவே என் பேச்சுக்கு முன்னால் முகாமில் நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு. அழைக்கும்போது இதை எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். நல்ல மறதி.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றார் குமரேசன், இரவுச் சாப்பாட்டின்போது. "நாங்க தோட்டத்துல மாட்டோட மாடா வளந்தோம். வெறுங்காலு. ஆத்துத் தண்ணி. எங்களுக்கு யாருக்காச்சும் இழுப்பு இருந்திச்சா? அலர்ஜின்னா என்னான்னே தெரியாது. டவுனுக்கு வந்து, தாமான் குடியிருப்புல வீடு வாங்கி, எல்லாம் சொகுசா சென்னாங் ஆனப்பறம்தான் இந்த சீக்கு. மாஸ்டர் சொல்றது கரெட்டுலா. நம்ம ஜீனுல தோட்டத்து ஞாபகம் இருக்கு. டவுனு அத அமுக்கி வச்சிருக்கு. திரும்ப மண்ணுல விட்டா ஜீனு முழிச்சிக்கும்."

சரியான பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கோட்டைவிடுவது என்பார்களே, இதுதான் அது. மாட்டுப் பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவாக இருப்பதை ஐரோப்பாவில் பார்த்திருக்கிறார்கள், உண்மை. தாய் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதல் வருடத்திலும் தொழுவத்து நுண்ணுயிர்களோடு பழகியவர்கள் அவர்கள். ஆறு வயதில் சனி ஞாயிறு போய் மாட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவது அதில் சேர்த்தியில்லை. இதைச் சொன்னேன். குமரேசன் தலையாட்டினார். தலையாட்டுவது இங்கே சம்மதம் அல்ல, மரியாதை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குளிர்பதனப் பெட்டியின் மேல் இரண்டு பம்பு இருந்தது. மூச்சுக்குள் மருந்து அடிக்கும் இன்ஹேலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நீலப் பம்பு இழுக்கிற நேரத்துக்கு. பழுப்புப் பம்பு தினமும் காலையும் இரவும், இழுப்பு வராமல் காக்க. பழுப்பின் மேல் தூசி படிந்திருந்தது.

"இதை ஏன் கொடுப்பதில்லை?"

"ஸ்டிராய்டு டீச்சர். ஜீன கெடுக்கும்னு மாஸ்டர் சொன்னாரு" என்றார் குமரேசன்.

வந்த ஆத்திரத்தோடு லெட்சுமியைப் பார்த்தேன். அவள் கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். தனியாக வந்தபோது சொன்னாள்: "எனக்கு எல்லாம் தெரியும் டீச்சர். ஒளிச்சி வச்சி குடுத்துப் பாத்தேன். கண்டுபுடிச்சா சண்ட. புள்ள காத மூடிக்குது. ஒரு தடவ அந்த முகாமுக்கு போயிட்டு வந்துட்டா வாய மூடுவாரு. நீங்களும் வாங்க. நீங்க இருந்தா எனக்கு தைரியம்." மரபியலில் முதலிடம் பெற்ற பெண் இதைச் சொன்னாள். கோபம் எனக்கு அவள் மேல்தான் முதலில் வந்தது. வீட்டுக்குள் தினமும் நடக்கும் விசாரணையில் மதிப்பெண் பட்டியல் செல்லாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் வந்தது.

முகாமுக்குப் போகிற சாலை தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டிப் போகிறது. பெரிய மனநல மருத்துவமனை உள்ள ஊர். நம்மூரில் கீழ்ப்பாக்கம் என்றால் எப்படிச் சிரிப்பார்களோ அப்படி இங்கே அந்தப் பெயருக்குச் சிரிக்கிறார்கள். பெட்ரோல் நிலையத்தில் ஒருவர் குமரேசனைப் பார்த்து, "என்னா மச்சான், குடும்பத்தோட தஞ்சோங் ரம்புத்தானா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அங்கே போனால் மருந்தாவது கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ரப்பர் என்று சொல்லிக்கொண்டுதான் போனோம். ஒரு பால்மரம் கண்ணில் படவில்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை, எண்ணெய்ப் பனை. வரிசை வரிசையாக, உள்ளே வெளிச்சம் விழாமல், ஒரு குருவி கூடக் கத்தாமல். முந்தின நாள் மழையில் செம்மண் பாதை களியாகியிருந்தது. குமரேசனின் கார் அதில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த பனங்குலை லாரிக்காரர், ஒரு வங்கதேசத்து இளைஞர், இறங்கி வந்து எங்களோடு சேர்ந்து தள்ளினார். "என் ஊரில் இதைவிடக் கெட்ட சேறு, ஆனால் அங்கே யாரும் இப்படிக் காரில் வந்து இறங்குவதில்லை" என்று மலாயில் சொன்னதை லெட்சுமி எனக்கு மொழிபெயர்த்தாள். என் சேலையின் கீழ்ப்பாதி செங்கல் நிறமாயிற்று. மண் சிகிச்சை எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

முகாமைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டேன். லயம் என்பது தோட்ட முதலாளி கூலிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, மழைக்கு ஒழுகும் தகரம். எந்த வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்று இவர்களின் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்களோ, அதே வீட்டுக்குக் காசு கொடுத்துப் படுக்க வந்திருக்கிறார்கள். சுவருக்குப் பழைய வீடு மாதிரியே தெரியும்படி புதுச் சாயம் அடித்திருந்தது. உள்ளே ஏர்கான். "நான்தான் மாட்டினேன்" என்றார் குமரேசன் பெருமையாக. தோட்டத்துக் காற்றைச் சுவாசிக்க வந்தவர்கள் சன்னலை இறுக்கிச் சாத்தி, குளிரில் போர்த்திக்கொண்டு தோட்டத்துக் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஈப்போவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பூர்விகக் குடும்பம் ஒன்றும் இருந்தது. மகனுக்குத் தோல் ஒவ்வாமை. அந்த அம்மாளிடம் உங்கள் முன்னோரும் தோட்டத்தில் இருந்தார்களா என்று கேட்டேன். "சீ, இல்லை. எங்கட அப்பப்பா ரெயில்வேயில பெரிய வேலையில இருந்தவர். தோட்டத்துக்குள்ள காலே வச்சதில்லை" என்றார் பதறிப்போய். பிறகு எந்த ஞாபகம் அவர் பையனின் மரபணுவில் விழித்துக்கொள்ளப் போகிறது என்று கேட்க நினைத்தேன். பையன் கழுத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தான், விட்டுவிட்டேன். பிள்ளைக்கு ஒன்று என்றால் அந்தஸ்தாவது ஒன்றாவது.

வாசலில் ஒரு சின்ன முனியாண்டி கோயில். அதன் முன்னால் பெரிய மூங்கில் கூடை. உள்ளே நுழைகிறவர்கள் இரசாயனம் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும் என்று கட்டளை. நீலமும் பழுப்புமாகப் பம்புகள், தோல் களிம்புகள், அரிப்பு மாத்திரைகள் எல்லாம் அதில் கிடந்தன. முனியாண்டி அரிவாளோடு அவற்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். குமரேசன் தாரணியின் இரண்டு பம்பையும் அவள் மருந்து அடிக்கும் பிளாஸ்டிக் குழாயையும் கூடையில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் வெள்ளை ஜிப்பாவில் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற ரகம். நான் நேரடியாகவே கேட்டேன், குழந்தைகளின் மருந்தை எந்த அதிகாரத்தில் வாங்கி வைக்கிறீர்கள் என்று.

"நாங்க எங்க வாங்கறோம்? அவுங்களா போடறாங்க" என்றார். "டீச்சர் பேசறது புக்கு. நாங்க பேசறது ரத்தம்."

குத்துவிளக்கை ஏற்றவில்லை. ஆனால் ஒலிபெருக்கியை விடவில்லை. எளிமையாகத்தான் சொன்னேன். மரபணு என்பது வீட்டில் போட்டிருக்கிற ஸ்விட்சு மாதிரி. பிள்ளைகள் தட்டிவிடாமலிருக்கச் சில ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவைப்போம் அல்லவா? ஸ்விட்சை யாரும் மாற்றவில்லை, டேப் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. புகை, தூசி, கிருமி, சாப்பாடு எல்லாம் இந்த டேப்பை ஒட்டலாம், பிய்க்கலாம். இதைப் படிப்பதுதான் எபிஜெனெடிக்ஸ். எந்த டேப்பால் எந்தக் குழந்தைக்கு இழுப்பு வந்தது என்று இன்றைக்கு யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அம்மாவை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு அறிவியல் சாட்சி சொல்ல வராது. இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பழுப்புப் பம்பு மரபணுவைக் கெடுப்பதில்லை. சுவாசக் குழாயை வீங்கவைக்கிற மரபணுக்கள் திறந்து கிடக்கும்போது அவற்றைச் சுருட்டி மூடிவைப்பதில்தான் அந்த மருந்தின் வேலையில் ஒரு பங்கு நடக்கிறது. இந்தத் தோட்டத்தில் உண்மையான எபிஜெனெடிக்ஸ் இருக்கிறது என்றால் அது அந்தக் கூடையில் கிடக்கிறது.

எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "டீச்சரம்மாவே நம்ம எபிஜெனெடிக்ஸ ஒத்துக்கிட்டாங்க" என்று அறிவித்தார். மறுபடி கைதட்டல். ஒருவர் கூட எழுந்து போய்ப் பம்பை எடுக்கவில்லை. பொழுது சாயும்போது ஒரு லாரி வந்து கொட்டகையிலிருந்த மாடுகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவையும் வாடகைக்கு வந்தவை. மாடுகளுக்குப் போக வேறு வீடு இருந்தது.

மறுநாள் காலையில் குமரேசனின் அக்கா பாக்கியம் சித்தியவானிலிருந்து வந்தார். தம்பி குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்திருப்பது கேள்விப்பட்டு, ஒரு தூக்குச்சட்டி நெத்திலிச் சம்பாலோடு பேருந்து மாறி மாறி வந்திருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், வெடுக்கென்று பேசுகிறவர். லயத்தையும் சாயத்தையும் ஏர்கானையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா காசு குடுத்த? கேட்டிருந்தா நானே ஒன்ன அடிச்சி எழுப்பி வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பிருப்பேனே" என்றார் தம்பியிடம். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

லாரி மாடுகளைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியது. குழந்தைகளைக் கொட்டகையில் வைக்கோல்மேல் உட்காரவைத்தார்கள். கொசுவுக்காகத் தேங்காய் மட்டையில் மூட்டம், அதன்மேல் சாம்பிராணி. 'முன்னோர் காற்று' என்று அதற்குப் பெயர். கண் எரிந்தது. ஒட்டடையும் வைக்கோல் தூசியும் புகையும் சேர்ந்த அந்தக் கொட்டகையில் ஆரோக்கியமான மனுஷனுக்கே இருமல் வரும். வேண்டாம் என்று லெட்சுமி சொன்னது என் காதிலும் விழுந்தது. குமரேசன் தாரணியைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் தாரணி இருமத் தொடங்கினாள். பிறகு இருமல் நின்றது. இருமல் நிற்பது நல்லது என்று அங்கே பலர் நினைத்திருப்பார்கள். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுத்தது. பேச முயன்றாள், ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

"பயப்படாதீங்க" என்றார் மாஸ்டர். "டவுனு வெளிய போவுது. ஜீனு முழிக்கிறப்ப இப்படித்தான் போராடும். தடுத்தா எல்லாம் பாழு."

"பம்பை எடுத்து வா!" என்று நான் கத்தினேன். லெட்சுமி எழுந்து ஓடினாள். குமரேசன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இரு. அஞ்சி நிமிசம். மாஸ்டர் சொல்றாருல்ல. வயித்துல வச்சி கெடுத்த, இப்பயும் கெடுக்காத."

அந்த மனுஷன் கெட்டவர் அல்ல. மகள் மேல் உயிர்.  அவளைத் தூக்கி வளர்த்த கையாலேயே அவளைக் காப்பாற்றக்கூடியதைத் தடுத்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் நான் அவரை வெறுத்தேன்.

பாக்கியம் குழந்தையின் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"டேய் தவிடா."

குமரேசன் திரும்பினார். சின்ன வயதில் தோட்டத்தில் அவரைக் கூப்பிட்ட பெயர் போலிருக்கிறது.

"ஒன்ன ஏன் தவிடன்னு கூப்புடறோம், தெரியுமா?"

"அக்கா, இப்ப என்னா அது..."

"ஒன்ன தவிட்டுக்கு வித்தோம்டா. எதிர் லயத்து மாரியாயிகிட்ட. ஒரு மொறம் தவிடு வாங்கிக்கிட்டு ஒன்ன குடுத்துட்டு, அப்பறம் திரும்ப வாங்கிக்கிட்டோம். எதுக்குன்னு நெனச்ச? ஒனக்கு முன்னால பொறந்த ரெண்டும் இதே மாதிரி இழுத்து இழுத்து செத்திச்சி. நீயும் இழுத்த. இதே விசிலு. அம்மாவுக்கு புள்ள தங்கலன்னு, அடுத்தவ புள்ளயா ஆக்கிட்டா எமன் ஏமாந்து போவான்னு வித்தோம். ஒனக்கு பெருசானப்பறம் அதுவா நின்னு போச்சி. அந்த ரெண்டுக்கும் நிக்கல."

பாக்கியம் மாஸ்டர் பக்கம் கையை நீட்டினார்.

"தோட்டத்துல யாருக்கும் இழுப்பு இல்லியாம்! இருந்திச்சிடா. இருந்ததுங்க ஒன்னும் வளந்து வந்து ஒங்கிட்ட சொல்லல. இந்த மண்ணு காப்பாத்தும்னு சொல்றான் இவன். ரெண்டு பேரையும் இந்த மண்ணுலதான் பொதச்சோம். விடுடா அவ கைய."

ஊரில் நோஞ்சான் குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கம் எனக்கும் தெரியும். என் வகுப்பிலேயே தவிட்டம்மா என்று பெயர் வைத்த பெண் படித்திருக்கிறாள். 'நம்ம காலத்துல இதெல்லாம் ஏது' என்று பெருமையடித்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டவர்கள். பிழைக்காதவர்களிடம் கேட்க ஆளில்லை. அறிவியல் மேடையில் இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாரும் இப்படி அதிர்ந்து நின்றதில்லை.

குமரேசன் கையை விட்டார். லெட்சுமி ஓடவில்லை, அதற்குள் அவரே ஓடினார். கூடையைக் கவிழ்த்துக் குழாயைத் தேடி எடுத்து, கைக்குக் கிடைத்த முதல் நீலப் பம்போடு திரும்பி வந்தார். அது வேறு யாருடையதோ. மருந்து ஒன்றுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு புகையிலிருந்து வெளியே வந்தோம். லெட்சுமி குழாயை முகத்தில் பொருத்தி ஒவ்வொன்றாக அடித்தாள். "மெதுவா இழு பாப்பா. இன்னொன்னு. இன்னொன்னு." கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. நான் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாஸ்டர் ஒலிபெருக்கியைத் தேடிப் போனார். அவர் வருவதற்குள் கோயில் முன்னால் கூட்டம். கவிழ்ந்து கிடந்த பம்புகளை ஒவ்வொருவராகக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பந்தியில் செருப்பு மாறிப்போனவர்கள் மாதிரி மும்முரமாகத் தேடினார்கள். ரெயில்வே குடும்பத்து அம்மாள் களிம்பை எடுத்து, அங்கேயே நின்று மகன் கழுத்தில் தடவினார். "இது தற்காலிகம்தான்" என்று மாஸ்டர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நேற்று நான் பேசியதற்குக் கைதட்டிய அதே கூட்டம்தான். அறிவுக்குக் கைதட்டுவார்கள், பயத்துக்குத்தான் எழுந்து நடப்பார்கள். லெட்சுமி தாரணியின் பழுப்புப் பம்பைத் தேடியெடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்ள, பாக்கியம் கொண்டுவந்த சம்பாலைப் பிரிக்காமலேயே கிளம்பினோம். பக்கத்து ஊர்க் கிளினிக்கில் மருந்தை ஆவியாகக் கொடுத்து, கவனித்துப் பார்த்து, பிறகுதான் விட்டார்கள். பழுப்புப் பம்பை நிறுத்தியது யார் என்று அந்த மருத்துவர் கேட்டார். 

திரும்பும்போது லெட்சுமி கார் ஓட்டினாள். நான் முன்னால். பின்னால் பாக்கியமும், மடியில் தூங்குகிற தாரணியோடு குமரேசனும். செம்பனை ஓடி ஓடி முடியவே இல்லை. மாலையில் எனக்கு அந்த அமைப்பில் பேச்சு இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு குமரேசன் வாயைத் திறந்தார். குரலே எழும்பவில்லை.

"டீச்சர். அப்ப எனக்கு இருந்ததுதான் பாப்பாவுக்கு வந்திருக்கா? எங்கிட்டேருந்துதான் வந்திச்சா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தெரியாது. குடும்பத்தில் ஓடுகிற நோய்தான். உங்கள் வழியாக வந்திருக்கலாம். புகை, தூசி, வேறு எத்தனையோ சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது" என்றேன்.

லெட்சுமி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவ பொறந்ததுலேருந்து இதே கேள்விய எங்கிட்ட கேட்டீங்க" என்றாள். "ஒரு நாளாச்சும் இவ்வளவு மெதுவா கேட்டீங்களா?"

குமரேசன், தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் கையை நீட்டி, லெட்சுமியின் பையிலிருந்த பழுப்புப் பம்பை எடுத்துத் தூசியைத் துடைத்து, இரவு வேளைக்குக் கொடுக்கத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.